எப்போது ஜிஎஸ்டி எடுக்க வேண்டும்?

ஆன்லைனில் சிறிய அளவில் சேவை விற்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். இணையதளம் தொடங்கினாலே ஜிஎஸ்டி கட்டாயம் என்று ஒருவர் பயமுறுத்துவார். இருபது லட்சம் வரை கவலையே வேண்டாம் என்று இன்னொருவர் தைரியம் சொல்வார். முதல் பேச்சை நம்பியவர், மாதம் பதினைந்தாயிரம் வரும்போதே நம்பர் வாங்கிவிட்டு, வருமானம் இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட்டு ஆடிட்டருக்கும் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது பேச்சை நம்பியவர், வரம்பைத் தாண்டியது தெரியாமலே ஓராண்டை ஓட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைத் தன் சேமிப்பிலிருந்து கட்டுவார். இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டங்கள். வரவுக் கணக்கை ஒழுங்காக எழுதிவரும் எவரும் எப்போது பதிவது என்ற முடிவுக்குத் தாமே வர முடியும். ஆடிட்டரிடம் போனாலும் சரியான கேள்வியோடு போகலாம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பயிற்சி, வடிவமைப்பு, மென்பொருள், ஆலோசனை, உறுப்பினர் சந்தா போன்றவற்றை இணையம் வழியாக விற்கும் தனிநபருக்காக இந்த அத்தியாயம். கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லை என்று உறுதியான பிறகுதான், நானாகப் பதிந்தால் லாபமா என்று யோசிக்க வேண்டும். பலர் இரண்டாவதில் தொடங்கிக் குழம்பிவிடுகிறார்கள்.

எதையெல்லாம் கூட்ட வேண்டும்

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 22-ஆம் பிரிவு பொதுவான வரம்பைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் சேவை விற்பவருக்கு ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாற்பது லட்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் வந்த அந்தச் சலுகை பொருள் மட்டுமே விற்பவர்களுக்கானது. மளிகைக் கடைக்காரருக்குப் பொருந்தும் எண்ணை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

விற்றுமுதல் என்பது கைக்கு வந்த லாபம் இல்லை. செலவு கழிக்காத முழு வரவு. பேமெண்ட் கேட்வே தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு 979 ரூபாய் அனுப்பினாலும், மாணவர் கட்டியது 1,000 என்றால் கணக்கில் ஏறுவது 1,000. பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கூட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கேட்வேயின் மாத அறிக்கையில் கமிஷன் கழிக்கும் முன் உள்ள தொகை தனியாக இருக்கும், அதைக் கூட்டுங்கள்.

இந்தக் கூட்டல் ஒரு தொழிலுக்கு அல்ல, ஒரு பான் எண்ணுக்கு. ஒரே பான் எண்ணில் காலையில் டிசைன் வேலை, மாலையில் ஆன்லைன் வகுப்பு என்று இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும். வரி விதிக்கப்படும் சேவை, விலக்கு பெற்ற சேவை, வெளிநாட்டுக்குச் செய்த சேவை எல்லாமே இதில் அடக்கம். உங்கள் பெயரில் இருக்கும் வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அந்த வாடகைக்கு வரி இல்லை, ஆனாலும் மொத்த விற்றுமுதலில் அது சேரும். வரி உள்ள கடை வாடகையும் சேரும். வேறிடத்தில் வாங்கும் மாதச் சம்பளம் சேராது. வங்கி வைப்பு வட்டியையும் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் குஜராத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. அப்படிப்பட்ட தீர்ப்பு, கேட்டவரையும் அவருடைய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். என்றாலும், எல்லைக்கு அருகில் இருப்பவர் வட்டியைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதுதான் நிம்மதி.

முதல் ரூபாயிலிருந்தே என்ற பயம்

இந்தப் பயத்துக்குக் காரணம் 24-ஆம் பிரிவு. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிந்தே ஆக வேண்டியவர்கள் யார் என்று அது பட்டியல் போடுகிறது. வேறு மாநிலத்துக்கு விற்பவர்களும் மின்வணிகத் தளம் வழியாக விற்பவர்களும் அதில் இருக்கிறார்கள். இணையத்தில் விற்பவருக்கு ஓசூரும் பெங்களூரும் ஒன்றுதான். அதனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்த முதல் சில மாதங்களில் அந்தப் பயம் முழுக்க நியாயமானது.

அந்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. அக்டோபர் 13 அன்று வந்த அறிவிக்கை, வேறு மாநிலங்களுக்குச் சேவை செய்பவருக்கும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்றது. நவம்பர் 15 அறிவிக்கை, மின்வணிகத் தளம் வழியாகச் சேவை விற்பவர்களுக்கும் பெரும்பாலும் அதே விலக்கைக் கொடுத்தது. இன்றும் பழைய பேச்சை நம்பிப் பதிபவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். கரன்ட் அக்கவுண்ட் திறக்க ஜிஎஸ்டி இல்லாமல் முடியாது என்பதும் அப்படி ஒரு பேச்சுதான். சிறுதொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவுச் சான்றும் தொழில் நடப்பதைக் காட்டும் ஆவணமாக வங்கிகளில் ஏற்கப்படுகிறது.

ஆனால் இந்த விலக்கு சேவைக்கு மட்டும். வகுப்போடு சேர்த்து உங்கள் சின்னம் போட்ட டி-ஷர்ட்டையும் விற்கிறீர்கள், அதில் ஒன்று கூரியரில் கொச்சிக்குப் போகிறது என்றால் கதையே வேறு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது என்பதால் அதை அனுப்புவதால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொரு இடம் இதைவிட ஆபத்தானது. உங்கள் தளம் நன்றாக ஓடுகிறது. மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்பை அதில் விற்கட்டும் என்று இடம் கொடுக்கிறீர்கள். மாணவர் உங்களிடம் பணம் கட்டுகிறார், நீங்கள் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை ஆசிரியருக்கு அனுப்புகிறீர்கள். அந்த நிமிடம் நீங்கள் சட்டத்தின் கண்ணில் மின்வணிகத் தளம் நடத்துபவர் ஆகிவிடுகிறீர்கள். 20 லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிவு கட்டாயம், வரி உள்ள விற்பனைகளில் ஆசிரியருக்கு அனுப்பும் பணத்திலிருந்து டிசிஎஸ் என்ற வரியைப் பிடிக்க வேண்டும், மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-8 என்ற ரிட்டர்னைப் போட வேண்டும். டிசிஎஸ் விகிதம் 2024 ஜூலை 10 முதல் அரை விழுக்காடு. ஆசிரியர்களுக்கு நீங்களே ஊதியம் கொடுத்து, வகுப்பை உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் விற்றால் இந்த நிலை வராது. சிறிய தளத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளாவது அந்த ஏற்பாடே நல்லது என்பது என் கருத்து.

வெளிநாட்டிலிருந்து வேலை வாங்குவதும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆர்சிஎம் என்று ஆடிட்டர்கள் சொல்லும் முறையில், விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்ட வேண்டும். அப்படிக் கட்டவேண்டியவருக்கும் வரம்பு இல்லாமல் பதிவு கட்டாயம். ஹோஸ்டிங், கிளவுட் மென்பொருள் போன்ற இணையச் சேவைகளைப் பதிவில்லாதவர் வாங்கினால் அந்த வெளிநாட்டு நிறுவனமே ஜிஎஸ்டி சேர்த்து பில் போட வேண்டும் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளரையோ ஆலோசகரையோ தொழிலுக்காக அமர்த்திப் பணம் அனுப்பும்போதுதான் இது கிளம்பும். அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாண்டும் நாள்

மதுரையில் ஒருவர் டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுகளையும் விளக்க வீடியோக்களையும் ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் பணம் மாதச் சம்பளம் போல ஒரே சீராக வராது. தேர்வு அறிவிக்கை வரும்வரை நாளுக்கு ஒரு சிலரே சேர்வார்கள். குரூப் 4 அறிவிப்பு வெளியானால் ஒரு வாரத்தில் மூன்று மாத வரவு வந்துவிடும். ஆகஸ்ட் முடியும்போது அவருடைய கூட்டுத்தொகை 9,40,000. பாதிகூட ஆகவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார். அறிவிப்பு வருகிறது. அக்டோபர் 18 இரவு கூட்டினால் 19,86,000. மறுநாள் 21 பேர் சேர்கிறார்கள், 25,200 ரூபாய் வருகிறது. மொத்தம் 20,11,200. அக்டோபர் 19 அன்று அவர் பதிய வேண்டியவர் ஆகிவிட்டார்.

அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் விண்ணப்பித்தால், சான்றிதழ் எப்போது கையில் கிடைத்தாலும் பதிவு அக்டோபர் 19 முதல் செல்லும். இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. அதுவரை வந்த 20 லட்சத்துக்கு வரி கிடையாது; முழு ஆண்டு வரவுக்கும் வரி கேட்பார்கள் என்று நடுங்க வேண்டாம். ஆனால் அக்டோபர் 19 முதல் வந்ததற்கு உண்டு. அவர் நவம்பர் 10 அன்று விண்ணப்பித்து 20 அன்று சான்றிதழ் பெறுகிறார். இடையில் பழைய விலையிலேயே 3,54,000 ரூபாய் வந்திருக்கிறது. ஆன்லைன் பயிற்சிக்கு வரி 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22-இல் பல விகிதங்கள் மாறியபோதும் இது மாறவில்லை. 3,54,000 ரூபாயை வரி உட்பட்ட தொகையாக எடுத்துக்கொண்டால், அதில் 54,000 அரசுக்குப் போக வேண்டும். சான்றிதழ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அந்த விற்பனைகளுக்குத் திருத்திய பில் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1,200 கட்டிச் சேர்ந்துவிட்ட மாணவரிடம் போய் இன்னும் 216 கொடுங்கள் என்று யார் கேட்பது? 54,000-மும் அவர் கையிலிருந்துதான்.

அதனால்தான் 15 லட்சத்திலேயே மணி அடிக்கும்படி கணக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒரு தாளோ எக்செல் பக்கமோ போதும்: தேதி, முழு வரவு, ஏப்ரல் 1 முதல் கூட்டுத்தொகை. 15 லட்சம் வந்ததும் புதிய விலையை முடிவு செய்யுங்கள். 1,200-ஐ 1,416 ஆக்கலாம். 1,200-லேயே வைத்து, 183 ரூபாயை வரிக்கு விட்டு 1,017-ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். 1,299 என்று நடுவில் வைத்தால் உங்களுக்கு நிற்பது ஏறக்குறைய 1,101. போட்டியாளர் என்ன வாங்குகிறார், பழைய மாணவர் எவ்வளவு பேர் புதுப்பிக்கிறார்கள் என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. வரவு குவியும் வாரத்தில் அவசரமாக எடுக்கக் கூடாது. தாண்டப்போவது உறுதி என்று தெரிந்தால், பெரிய வரவு வரும் பருவத்துக்கு முன்பே பதிந்து, புதிய விலையோடு அந்தப் பருவத்தைத் தொடங்குங்கள்.

30 நாட்களைத் தவறவிட்டால்? அப்போது பதிவு சான்றிதழ் தந்த நாளிலிருந்துதான் செல்லும், வரிப் பொறுப்பு மட்டும் தாண்டிய நாளிலிருந்தே நிற்கும். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும். அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, இரண்டில் எது அதிகமோ அது. போன ஆண்டே தாண்டிவிட்டோம் என்று இதைப் படிக்கும்போது தெரியவந்தால், நோட்டீஸ் வரக் காத்திருக்காதீர்கள். ஆடிட்டரை வைத்துக் கணக்கிட்டு, டிஆர்சி-03 படிவம் வழியாக நீங்களே வட்டியோடு கட்டுவதுதான் குறைந்த செலவில் முடியும் வழி.

இன்னொன்று: பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நம்பர் வரட்டும், இப்போதே 18 விழுக்காடு சேர்த்து வாங்கிவைப்போம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வரியே இல்லாத சேவை

கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சியை ஒரு தனிநபர் அளித்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மயிலாப்பூரிலிருந்து ஜூமில் வீணை கற்றுத்தரும் ஆசிரியைக்கு அது மட்டுமே வருமானம் என்றால், முழுக்க விலக்குச் சேவை மட்டும் செய்பவர் என்ற முறையில் 23-ஆம் பிரிவின்படி அவர் பதிய வேண்டியதில்லை. 20 லட்சத்தைத் தாண்டினாலும் சரி. ஆனால் இதே வகுப்பை ஒரு நிறுவனமாகப் பதிந்து நடத்தத் தொடங்கினால் தனிநபர் என்ற விலக்கு போய்விடும்.

"மட்டுமே" என்ற நிபந்தனை மிக முக்கியம். அவருக்கு யூடியூப் விளம்பர வருமானமும் வருகிறது, ஆண்டுக்கு ஐம்பதாயிரம்தான். அது விலக்குச் சேவை இல்லை. இப்போது கணக்கு மாறிவிட்டது: வகுப்புக் கட்டணம் 21 லட்சம், விளம்பரம் அரை லட்சம் என்றால், மொத்தம் வரம்பைத் தாண்டுகிறது, பதிவு வேண்டும். அந்தச் சின்ன வருமானத்தை ஏற்பதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு நிறுவனம்

ஏற்றுமதிக்கு வரி இல்லை, ஆகவே பதிவும் வேண்டாம் என்பது ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களிடம் ஆழமாகப் பதிந்துவிட்ட தவறு. ஏற்றுமதி விற்றுமுதலில் சேரும். அமெரிக்க நிறுவனத்துக்கு மட்டுமே கோடு எழுதி ஆண்டுக்கு 25 லட்சம் வாங்குபவர் பதிந்தே ஆக வேண்டும். பதிந்தபின், ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிமொழியை ஆர்எஃப்டி-11 படிவத்தில் ஜிஎஸ்டி போர்ட்டலில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம்.

எது ஏற்றுமதி என்பதிலும் கவனம் வேண்டும். பணம் அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வர வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் பேத்திக்கு நீங்கள் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறீர்கள். மாதக் கட்டணத்தைத் தாத்தா திருச்சியிலிருந்து ஜிபேயில் போடுகிறார். அது ஏற்றுமதி ஆகாது. பணம் கொடுக்கும் பொறுப்பு தாத்தாவுடையது என்றால், சட்டப்படி உங்கள் வாடிக்கையாளர் திருச்சிக்காரர், வரி 18 விழுக்காடு. நம் குடும்பங்களில் இது சர்வசாதாரணம் என்பதால் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெற்றோரிடம் அங்கிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், வங்கி தரும் அந்நியச் செலாவணி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டாயம் இல்லாதபோது

உங்களிடம் வாங்குபவர் யார் என்பதே இங்கே கேள்வி. வீட்டில் இருக்கும் மாணவரும் இல்லத்தரசியும் வாங்குகிறார்கள் என்றால் நீங்கள் சேர்க்கும் 18 விழுக்காடு அவர்களுக்கு வெறும் விலை உயர்வு. உங்களுக்கோ திரும்பக் கிடைப்பது சொற்பம். ஏனெனில் வணிகர்கள் இன்புட் என்று சொல்லும் உள்ளீட்டு வரி வரவு, வரி கட்டி வாங்கிய செலவுக்குத்தான் உண்டு. உங்கள் பெரிய செலவு சம்பளமும் உங்கள் உழைப்பும் என்றால், அதில் இன்புட் எங்கே? இப்படிப்பட்டவர் சட்டம் சொல்லும் நாள்வரை பதியாமல் இருப்பது முழுக்க நியாயம், அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

நிறுவனங்களுக்கு விற்பவர் நிலை நேர்மாறு. நீங்கள் சேர்க்கும் வரியை அவர்கள் இன்புட்டாக எடுத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு நம்பர் இல்லாதவரை விற்பனையாளர் பட்டியலில் சேர்க்கவே தயங்கும். அங்கே எட்டு லட்சத்திலேயே பதிந்தாலும் தவறில்லை. விலையுயர்ந்த கேமரா, கணினி வாங்கப்போகும் ஆண்டில் இது இன்னும் லாபம். ஆனால் விரும்பிப் பதிந்தவருக்கும் சட்டம் முழுதாகப் பொருந்தும்: முதல் ரூபாயிலிருந்து வரி, பூஜ்ய மாதத்துக்கும் ரிட்டர்ன். தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய், நில் ரிட்டர்ன் என்றால் 20. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர் ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடத் தேர்வு செய்யலாம். போர்ட்டலில் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டம் சேவைக்கும் இருக்கிறது, 6 விழுக்காடு, 50 லட்சம் வரை. கேட்க நன்றாக இருக்கும். வேறு மாநிலத்துக்கு ஒரு சேவைகூடச் செய்யக் கூடாது என்பதால் இணையத்தில் விற்பவருக்கு அது பெரும்பாலும் உதவாது.

தொழில் பணமும் வீட்டுப் பணமும்

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் அது போனது. உறவினர் திருப்பிக் கொடுத்த கடனும் சீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் எது விற்பனை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பதிகிறீர்களோ இல்லையோ, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் கோடும் இன்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எந்த மாநிலம் என்றும் பதிவு செய்யுங்கள். பதிந்தபின் இணையச் சேவைக்கான பில்லில் தொகை எவ்வளவானாலும் மாநிலத்தின் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் என்றால் 9 விழுக்காடு மத்திய வரி, 9 மாநில வரி. மற்ற மாநிலத்தவர் என்றால் 18 விழுக்காடு ஐஜிஎஸ்டி என்ற ஒருங்கிணைந்த வரி.

பதிந்தபின் தொழில் சுருங்கி, விற்றுமுதல் மீண்டும் வரம்புக்குக் கீழே போய்விட்டால், ஆர்இஜி-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னையும் போட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், லேட் ஃபீஸ் ஏறிக்கொண்டே இருக்கும். கடையை மூடிவிட்டோமே என்று போர்ட்டல் கடவுச்சொல்லைத் தொலைத்துவிடாதீர்கள்.